பென்சனோடு ஊர் திரும்புகிறீர்களா? வீடு யார் பெயரில்?

அரச உத்தியோகத்தர்களின் ஓய்வு வயது 2022 இறுதியோடு 60 ஆகிவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதை வாடகை வீட்டிலிருந்த பென்சன்காரர் எவரும் மறக்க மாட்டார். "ஊருக்கே போயிருவம்" என்ற பேச்சு ஆசிரியர், எழுதுவினைஞர் வீடுகளில் சாதாரணமாகக் கேட்பதுதான்.

கல்முனை அதற்குத் தோதான ஊர்தான். கிழக்கே கடல், மேற்கே வயல். மீனுக்கும் அரிசிக்கும் தூரம் போக வேண்டியதில்லை. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என்று ஒரே நகரில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள். நீரிழிவு, பிரஷர் கிளினிக்குக்கு ஆட்டோ பிடித்தால் போதும். அதற்கு மேலே என்றால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, சுமார் 40 கிலோமீற்றர். ரயிலும் மட்டக்களப்போடு சரி. கொழும்பு போக இரவு பஸ்; முழங்கால் வலிக்காரர் யோசிக்க வேண்டும்.

காணி வாங்குபவர் கடலை மறக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கரையோர வீடுகளைத் துடைத்துச் சென்றது. கரையிலிருந்து விடச் சொன்ன இடைவெளியின் பேரில் மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்றே ஒரு குடியிருப்புக்குப் பெயர் நின்றுவிட்டது. கடற்கரை வளவு மலிவாகக் கிடைத்தால் காரணத்தை அயலவரிடம் கேளுங்கள்.

ஆனால் இந்த ஊரில் முதுமையைத் தீர்மானிப்பது விலைவாசியோ வைத்தியசாலையோ அல்ல, சீதன வீடு. கிழக்கில் முஸ்லிம்களும் தமிழர்களும் வீட்டை மகளுக்கே கொடுக்கிறார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு இருக்கிற வீடு போகும். வாப்பாவும் உம்மாவும் பக்கத்து வளவில் இன்னொன்று கட்டுவார்கள். அது அடுத்தவளுக்கு. கடைக்குட்டியின் வீட்டுக்குக் கூரை போடும்போது பணிக்கொடைக் காசும் முடிந்திருக்கும். கடைசியில் தாய் தகப்பனுக்கு மிஞ்சுவது மகள் வீட்டில் ஒரு பக்கத்து அறை: ஒரு கட்டில், தொழுகைப் பாய், மருந்துப் பை.

இது மோசமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். முதியோர் இல்லத்தைவிட நூறு மடங்கு மேல். பெற்ற மகள் அடுப்படியில் நிற்கிறாள். புதிதாக வந்தவர் மருமகன்தான், அவர்தான் அனுசரித்துப் போக வேண்டியவர். (ஆண் பிள்ளை மட்டும் உள்ளவர்களின் கணக்கு வேறு. மகன் மனைவி வீட்டில், இவர்கள் தனியே.)

சிக்கல் உறுதியில் வருகிறது. முழு உரிமையையும் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்தபின், அவள் கடனுக்கு ஈடு வைத்தாலோ விற்றாலோ, அவள் முந்திப் போய்ச் சொத்து பங்காகினாலோ, அந்தப் பக்கத்து அறைக்குச் சட்டத்தில் பிடி குறைவு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்கலாம். மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியையும் பெரும் நன்றிகேட்டின் பேரில் இரத்துச் செய்ய 2017இன் 5ஆம் இலக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் ஏறி, பெற்ற பிள்ளையின் நன்றிகேட்டை நிரூபிக்க வேண்டும். எத்தனை வாப்பா அந்தப் படி ஏறுவார்?

அதனால் கலியாணப் பேச்சோடு நொத்தாரிசிடம் போகும்போதே, உங்களுக்கும் மனைவிக்கும் சீவிய உரித்து, அதாவது உயிருள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை, வைத்து உறுதியை எழுதச் சொல்லுங்கள். சம்பந்தி முகம் கோணினாலும் பரவாயில்லை. உறுதியை வாசித்துக் காட்டச் சொல்லி, அந்த வரி காதில் விழுந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.