சிறுநீரகக் காயமும் வெள்ளணுக்களும்

எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, கடும் வயிற்றுப்போக்கு போன்றவற்றால் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டு எங்கள் பிரிவில் சேர்க்கப்படுவோரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "சிறுநீரகத்தில் அழற்சி என்கிறீர்களே, அதை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாதா?" நியாயமான கேள்விதான்.

ரத்த ஓட்டம் குறைந்தாலோ நச்சு தாக்கினாலோ பெரும்பாலும் முதலில் சிதைபவை சிறுநீரக நுண்குழல்களின் உட்சுவர்ச் செல்கள். அவை வெளியிடும் வேதிப்பொருள்களை உணர்ந்து, சில மணி நேரத்துக்குள் நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. கிருமியே இல்லாவிட்டாலும் அவை வரும். அருகிலுள்ள நல்ல செல்களையும் தாக்கும். தொடக்க நாள்களில் பாதிப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து மேக்ரோபேஜ் எனும் விழுங்கணுக்கள் பெருகுகின்றன. முதலில் இவையும் அழற்சியைத் தூண்டுகின்றன. இறந்த செல்களை விழுங்கி அகற்றும் போக்கில் இவற்றின் இயல்பு மாறுகிறது: எஞ்சிய செல்கள் பெருகிக் குழல் சீராவதற்கு உதவும் பொருள்களைச் சுரக்கின்றன. ஆய்வக எலிகளில் காயத்துக்கு முன்பே இவ்வணுக்களை நீக்கியபோது பாதிப்பு குறைந்தது. சில நாள்கள் கழித்து நீக்கியபோதோ குணமாவது தாமதமாயிற்று.

ஆகவே எல்லா அழற்சியையும் அடக்கிவிட நாங்கள் முனைவதில்லை. மருந்து ஒவ்வாமையால் வரும் சிறுநீரகத் திசு அழற்சிக்கும், வடிமுடிச்சுகளைத் தாக்கும் சில நோய்களுக்கும் ஸ்டீராய்டு பயன்படும்; அதற்குப் பெரும்பாலும் பயாப்ஸி செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறோம். மற்றவர்களுக்கு மூல காரணத்துக்கான சிகிச்சை, அளவான நீர்ச்சத்து, தேவையெனில் டயாலிசிஸ், பிறகு காத்திருத்தல். 'ஒன்றும் செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்கள்' என்று அந்நாள்களில் உறவினர்களுக்குத் தோன்றுவது இயல்பே.

எங்களுக்குக் கூடுதல் கவலை தருவது வீடு திரும்பிய பின் வரும் மாதங்கள். கிரியேட்டினின் இயல்புநிலைக்கு வந்த பின்னும் சிலரது சிறுநீரகத்தில் அழற்சி அணுக்கள் கலையாமல் தங்கிவிடும். சீரமைப்பு முடிவுறாமல் நீண்டால் தழும்புத் திசு படியும். வலி இராது, சிறுநீரும் வழக்கம்போல் பிரியும். இதனால்தான் 3 மாதங்களில் கிரியேட்டினின் அளவையும் சிறுநீரில் புரதத்தையும் மீண்டும் பரிசோதிக்கச் சொல்கிறோம். மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை எங்களைக் கேளாமல் வாங்கி விழுங்க வேண்டா. வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை அவரிடம் முதலில் காட்டுங்கள்.