உறையும் உடையும்

எம் விடுதியில் ஒரு மாலைப்பொழுதில் நண்பர் இருவர்க்கிடையே எழுந்த சொல்வாதமே இக் கட்டுரைக்கு வித்தாயிற்று. தமிழிற் பிறமொழிச் சொல் ஒன்றேனும் புகலாகாது என்று ஒருவர் வெகுண்டுரைத்தார். அரபு மொழி பயின்ற மற்றொருவர் புன்முறுவல் பூத்து, “அங்ஙனமாயின், ஐயா, நீர் இப்பொழுது அணிந்திருப்பது யாது?” என்றார். முன்னவர் அணிந்திருந்தது ஜிப்பா. சூழ இருந்தோர் அனைவரும் நகைத்தோம். ஆயினும் அவ் வினா எம்மை எளிதில் விட்டிலது. ஆடையையும் போர்வையையும் மேற்றோலையும் குறிக்கும் சொற்களை ஆங்கிலமும் அரபும் எவ்வாறு பெற்றன, எவ்வாறு ஆளுகின்றன என்று ஆராயப் புகுந்தோம். கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

முதலில் அந்த ஜிப்பாவையே எடுத்துக்கொள்வோம். அரபு மொழியில் ‘ஜுப்பா’ என்பது முன்புறந் திறந்து, அகன்ற கைகளையுடையதாய்த் தொங்கும் நெடிய மேலங்கி. அச் சொல் கிழக்கே வந்து நம்மிடம் ஜிப்பாவாயிற்று. மேற்கே சென்று பிரெஞ்சு மொழியில் ‘ஜூப்’ என்றாகி, இன்று மகளிர் இடையில் உடுக்கும் பாவாடையைக் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜம்பர்’ என்பதும் இவ் வழியிற் பிறந்ததே என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கருத்து. அதுவும் ஒருநிலையில் நின்றிலது. பிரிட்டனில் அது கம்பளி நூலாற் பின்னிய சட்டை. அமெரிக்காவில் மகளிர் சட்டையின்மேல் அணியும் கையில்லா நீண்ட உடை. சொல்லின் குடி ஒன்றே; நாடுதோறும் தையல் வேறு.

இஃதொன்று மட்டுமன்று. ஆங்கிலேயர் பருத்தியைக் குறிக்கும் ‘காட்டன்’ என்னுஞ் சொல் அரபின் ‘குத்ன்’ என்பதன் திரிபு. ஸ்பானிய மொழியோ அச் சொல்லை அரபின் சுட்டிடைச்சொல்லாகிய ‘அல்’ என்பதோடு சேர்த்தே எடுத்து ‘அல்கொதோன்’ என்றது. வெள்ளாட்டு மயிரால் நெய்யும் ‘மோஹேர்’, ‘முகய்யர்’ என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது; ‘தெரிந்தெடுக்கப்பட்டது’ என்பது அதன் பொருள். ஊர்ப்பெயரும் துணிப்பெயராதல் உண்டு. டமாஸ்கஸ் நகரின் பெயரால் ‘டமாஸ்க்’ என்னும் பூவேலைத் துணியும், ஈராக்கிலுள்ள மோசூல் நகரின் பெயரால் ‘மஸ்லின்’ என்னும் மெல்லிய துணியும் பெயர்பெற்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான மார்க்கோ போலோ மோசூலின் பெயராற் குறித்தது பொன்னும் பட்டும் கலந்த துணியை. பிற்காலத்தில் அப் பெயர் பருத்தியின் மென்றுகிலுக்கு உரியதாயிற்று. அத்தகைய மஸ்லினுள் தலைசிறந்தது என உலகம் போற்றியதோ வங்காளத்து டாக்காவில் நெய்தது. பெயர் ஓரூரினது, புகழ் மற்றோரூரினது.

இன்னும் ஒன்று. ஆங்கிலப் படைத்தலைவர் இடையிலும் தோளிலும் அணியும் ‘ஸாஷ்’ என்னும் பட்டை, முதன்முதல் அம் மொழியிற் புகுந்தபோது கீழ்நாட்டார் தலையிற் சுற்றும் துணியையே குறித்தது. தலையிலிருந்த துணி இடைக்கு இறங்கிவிட்டது. அதன் தாய்ச்சொல்லாகிய ‘ஷாஷ்’ இன்றைய அரபில் புண்ணின்மேற் கட்டும் மெல்லிய துணிக்குப் பெயராய் நிற்கின்றது.

இவற்றைக் காண்போர், அரபு கொடுத்தது, ஆங்கிலம் கொண்டது என்று முடிவுசெய்தல் கூடும். அஃது உண்மையிற் பாதியே. அரபும் கொண்டதுண்டு. வேதாகமத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் என்னும் பெரியார், கி. பி. 400-ஐ ஒட்டி எழுதிய கடிதமொன்றில், போர்வீரர் உடலோடு ஒட்ட அணியும் நார்ப்பட்டுச் சட்டையைக் ‘கமீசியா’ என்று குறிக்கின்றார். இவ் விலத்தீன் சொல்லே மேற்கில் ‘ஷெமீஸ்’ ஆயிற்று. கிழக்கில் அரபின் ‘கமீஸ்’ ஆயிற்று. நம் கடைத்தெருவில் விற்கும் சல்வார் கமீஸிலும் அச் சொல் வாழ்கின்றது.

கொண்ட சொல்லை அரபு என்ன செய்தது என்பதே கருதற்பாலது. அதனை விருந்தினராய் வெளித்திண்ணையில் இருத்திலது. ‘கும்ஸான்’ என்று தன் இலக்கண முறையாற் பன்மையாக்கிற்று. ‘தகம்மஸ’ என்று வினையாக்கிச் சட்டை அணிதலைக் குறித்தது. பின் அதனினின்று ‘தகம்முஸ்’ என்னும் பெயரை ஆக்கி, உயிர் ஓருடல் விட்டு மற்றோருடலிற் புகுதலுக்கும் வழங்கிற்று. உடலை ஆடையாகக் கருதும் எண்ணம் நம் நாட்டார்க்குப் புதிதன்று. அதனைக் கடன்பெற்ற ஒரு சொல்லால் மற்றொரு மொழி உணர்த்துதலே வியப்பு. ஆதியாகமத்திலே யோசேப்பின் அங்கி இரத்தத்தில் தோய்ந்து தந்தையை வருத்திய வரலாற்றை நாம் அறிவோம். குர்ஆனின் 12-ஆம் அத்தியாயத்தும் யூசுபின் சட்டை பொய்ச்சான்றாகவும், பின் மெய்ச்சான்றாகவும், இறுதியில் தந்தையின் கண்ணொளியை மீட்பதாகவும் மும்முறை வருகின்றது. ஆண்டு வழங்குவது இக் கமீஸ் என்னுஞ் சொல்லேயாம்.

இனி, இவ்விரு மொழிகளின் இயல்பு வேறுபடுமாறு காண்போம். ஆங்கிலம் பல வீட்டுப் பெட்டிகளிலிருந்து ஆடை சேர்த்த மொழி. ‘ஷர்ட்’ என்பது தன் பழஞ் சொத்து. ‘ஸ்கர்ட்’ என்பது வடபுலத்து ஸ்காண்டிநேவியர் தந்தது. இரண்டும் ஒரு தாய் வயிற்று மக்கள். இன்று ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாய் நிற்கின்றன. ‘ரோப்’ என்னும் நீண்ட அங்கியின் பெயரோ கொள்ளைப்பொருளைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லினின்று வந்தது. கொள்ளையடித்தலைக் குறிக்கும் ‘ராப்’ என்பதும் அதன் உறவே. பட்டம்பெறும் நாளில் நாம் ஆவலோடு அணியும் அங்கியின் பெயரும், பகைவனிடம் உரிந்துகொண்ட உடையின் பெயரும் ஒன்றென அறியும்போது, சொற்கள் யாவும் அமைதி வழியே வந்தனவல்ல என்பது விளங்கும்.

அரபோ ஒரு நூலினின்றே பல ஆடை நெய்வது. பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துக்களே வேராய் நிற்கும். இடையில் உயிர் மாறுந்தோறும் பொருள் கிளைக்கும். உடுத்தலைக் குறிக்கும் வேரினின்று ‘லிபாஸ்’ என ஆடை பிறந்தது. அவ் வேரினின்றே ‘இல்திபாஸ்’ எனப் பொருள் மயக்கமும் பிறந்தது. ஒன்றை மற்றொன்று மூடிநின்றால் மயக்கம் விளைதல் இயல்பன்றோ? ‘கிஷ்ர்’ என்பது தோல், பட்டை, உமி யாவற்றுக்கும் பொது. யெமன் நாட்டார் காப்பிப் பழத்தின் உலர்ந்த தோலைக் காய்ச்சிப் பருகும் நீருக்கும் அதுவே பெயர். ‘ஜில்த்’ என்பது உடலின் தோல். தோலாற் கட்டடஞ் செய்த நூல் ‘முஜல்லத்’. இலத்தீனில் மரத்தின் உட்பட்டையைக் குறித்த ‘லீபெர்’ நூலுக்குப் பெயராகி, ஆங்கிலத்தில் ‘லைப்ரரி’யைத் தந்தது. நம் முன்னோரும் பனையின் ஏட்டையே நூலுக்குப் பெயராக்கினர். தோலும் பட்டையும் ஓலையும் மூன்று நாட்டிலும் கல்விக்கு உடலாயின.

சொல்லைப் பெயர்ப்போர் விழிப்போடிருத்தல் வேண்டுமென்பதற்கும் இங்கு ஒரு சான்றுண்டு. மூளையை மூடிய சவ்வுகளை அரபு மருத்துவர் ‘தாய்’ என உருவகித்து, புறத்தே நிற்பதைத் தடித்த தாய் என்றும், அகத்தே படிந்திருப்பதை மெல்லிய தாய் என்றும் வழங்கினர். இடைக்கால இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் முன்னதை ‘டியூரா மேட்டர்’ என்றனர். வன்றாய் என்பது பொருள். பின்னதற்கு அவர் இட்ட ‘பயா’ என்னும் அடைமொழியோ பக்தியுடைமையையே சிறப்பாய் உணர்த்துவது. அதனால் மெல்லிய தாய் பக்தியுள்ள தாயாகிவிட்டாள். எம் கல்லூரியில் விலங்கியல் பயில்வோர் இன்றும் அப் பெயராலேயே அச் சவ்வைக் கற்கின்றனர்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் எம் துணிபு யாதெனின், பிறமொழிச் சொல்லை ஏற்றல் இழிவன்று. ஏற்றதைத் தன் உடலுக்கேற்பத் தைத்துக்கொள்ளாமையே குறை. உறை, போர்வை, மேலாடை, துகில் எனத் தமிழ்ச் சொற்கள் பெட்டி நிறையக் கிடப்ப, அவற்றை விடுத்து அயலார் உடையை அளவு பாராது அணிதல் நகைப்பிற்கிடமாகும். வேண்டியவிடத்து ஏற்று நமதாக்கிக்கொண்ட சொல்லை, பிறப்பறியாது இகழ்தலும் அவ்வாறே.

இதனை வெகுண்டுரைத்த நண்பரிடம் கூறினோம். அவர் இசைந்திலர். சங்கச் செய்யுட்களில் ஆடைக்கு வழங்கும் ‘கலிங்கம்’ என்னுஞ் சொல்லை நினைவூட்டினோம். கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி நாட்டின் பெயரையே பெற்றது என்பர் அறிஞர். மோசூலும் டமாஸ்கஸும் மேனாட்டார்க்குச் செய்ததைக் கலிங்கம் நம் முன்னோர்க்குச் செய்தது. நண்பர் நெடுநேரம் வாளா இருந்து, “நிகண்டைப் பார்த்துவிட்டு வருகின்றேன்” என்று எழுந்தார். போகும்போதும் அந்த ஜிப்பாவையே அணிந்திருந்தார்.