ஏறியது வலிக்கவில்லை, இறங்கியது வலிக்கிறது: ஏன்?

ஆழ்வார்திருநகரி தாமிரபரணிக் கரையில் சமதளமாகக் கிடக்கும் ஊர். இங்கிருந்து புரட்டாசி சனிக்கிழமை திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்குப் போய், மலையை நடந்தே ஏறி இறங்கியவர்களுக்கு, ஞாயிறைவிடத் திங்கள்கிழமைதான் மாடிப்படியில் கைப்பிடி தேவைப்படும். ஏறியது அல்ல, இறங்கியதே அதற்குக் காரணம்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது முழங்கால் மடங்க மடங்க, அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். எடையைத் தாங்கியபடி நீளும்போது, தசை நாருக்குள் இருக்கும் நுண்ணிய சுருங்கும் அலகுகளில் பலவீனமானவை அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. அவற்றைப் பழுதுபார்க்க உடல் முனைந்ததும் அழற்சி உண்டாகிறது; நரம்பு முனைகள் கூருணர்வு பெறுகின்றன. இதற்கு நேரம் பிடிப்பதால்தான் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடுகிறது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்திலேயே நீங்கிவிடும்.

வியப்பு என்னவென்றால், ஒருமுறை இப்படிப் பாடுபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதைத் தாங்கும் வலு பெற்றுவிடுகிறது. ஆகவே மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே படித்துறையிலோ மாடியிலோ மெதுவாக இறங்கிப் பழகுங்கள். மலையில் முழங்காலை விறைக்கவிடாமல், சின்னச் சின்ன அடியாக வையுங்கள். தசைச் சிதைவு மிகுந்து, இறங்கிய பின் சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனால், தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.