மண் ஃபிரிட்ஜ் செய்தியானது எப்படி?

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தைப் பூகம்பம் உலுக்கியது. அதையொட்டி ஒரு குஜராத்தி நாளிதழில் உடைந்த மண்பானையின் படம் வந்தது. ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்துவிட்டது என்று படத்தின் கீழே போட்டிருந்தார்கள். அம்மாநிலத்தின் வாங்கானேரில் மண்பாண்டத் தொழில் செய்துவந்த மன்சுக்பாய் பிரஜாபதியின் கண்ணில் அது பட்டது. ஃபிரிட்ஜையே மண்ணில் செய்தால் என்ன என்று யோசித்தார். சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு பிறந்ததுதான் ‘மிட்டிகூல்’.

அதன் மேல் அறையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது சுவர்களில் இறங்கி, சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே வெளிப்புறம் கசிந்து ஆவியாகும். ஆவியாவதற்கு வெப்பம் வேண்டுமல்லவா? அதைச் சுவரிடமிருந்தும் உள்ளேயிருக்கும் காய்கறி, பாலிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. 50 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை 10 டிகிரி செல்சியஸ் குளிர்விக்க அது போதும்! மின்சாரமே தேவையில்லை.

நாளிதழில் பிறந்த அந்த யோசனை பின்னர் தானே செய்தியாகி, நாட்டுக்கு வெளியேயும் பேசப்பட்டது. ஊரில் எத்தனையோ நல்ல பொருள்கள் இருக்க, இதற்கு மட்டும் என்ன சிறப்பு?

விடைக்கான ஒரு திறவுகோல் நார்வேயில் கிடைக்கிறது. காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று ஆய்வாளர்கள் யோஹான் கால்துங், மாரி ரூகே இருவரும் ஆராய்ந்து 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த நிகழ்வு செய்தியாகிறது என்பதற்கு 12 காரணிகளைப் பட்டியலிட்டார்கள். எதிர்பாராத தன்மை அவற்றுள் ஒன்று. ஆனால் அது வாசகருக்குப் பழகிய, பொருள் புரிகிற உலகத்துக்குள்ளேயே நிகழ வேண்டும். முற்றிலும் அந்நியமானது மனத்தில் ஒட்டாது. முற்றிலும் பழகியது கண்ணில் படாது.

மண்பானை எல்லோருக்கும் தெரியும், ஃபிரிட்ஜும் தெரியும். இரண்டும் ஒன்றாவதுதான் புதுமை. ஒரே வரியில் சொல்லிவிடலாம், படம் எடுக்கலாம். கதவைத் திறந்து கையை வைத்தால் குளிர்ச்சியை நிருபரே சோதித்துக்கொள்ளலாம்.

சிறுதொழில் செய்வோர் பத்திரிகைக்கு எழுதும்போது ‘தரமான பொருள், நியாயமான விலை’ என்று தொடங்குகிறார்கள். அது விளம்பரத்தின் மொழி. எல்லாக் கடைக்காரரும் சொல்வது. அதைவிட, உங்கள் பொருள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லுங்கள். பழகிய எதை எங்கே மாற்றினீர்கள், அதனால் யாருக்கு என்ன மாறியது என்று விளக்குங்கள். நிருபரை அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரம்பையும் மறைக்காதீர்கள்: காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் நீர் மெதுவாகவே ஆவியாகும், மண் ஃபிரிட்ஜின் குளிர்ச்சியும் குறையும். குறையையும் சேர்த்துச் சொல்பவரை நம்பித்தான் நிருபர் தன் பெயரைப் போட்டு எழுதுகிறார். விளம்பரப் பணம் இல்லாத பட்டறைக்கு அந்த நம்பிக்கையே முதலீடு.