மல்யுத்த வீரரின் இரண்டாம் பயிற்சி

அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தம் என்று வழங்கப்படும் கலை, ஒலிம்பிக் மல்யுத்தத்தைப் போல வெற்றி தோல்வியைக் களத்திலேயே தீர்த்துக்கொள்ளும் விளையாட்டன்று. யார் வெல்வார் என்பதை நிறுவனத்தின் ஆட்ட அமைப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்துவிட, அந்த முடிவை நோக்கிப் பார்வையாளரை நம்பவைத்து அழைத்துச் செல்லும் பொறுப்பை இரு வீரர்களும் கூட்டாக ஏற்றுக்கொள்கிற உடல்நாடகம் அது. முடிவு முன்கூட்டியே தெரிந்தது என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. ஆயினும் தோளுயரத்திலிருந்து முதுகில் விழும் உடலின் எடையும், அந்த எடையைத் தாங்கும் எலும்புகளும், தவறினால் ஏற்படும் முறிவும் உண்மையானவை. டபிள்யூடபிள்யூஎஃப் வீரர்களின் படம் அச்சிட்ட சீட்டுகளை வைத்து விளையாடியும், தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்தும் வளர்ந்த தமிழ்நாட்டுத் தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் கண்ட பேரரங்குக்கு ஒரு வீரர் எவ்வழியாக வந்து சேர்கிறார், வந்த பின் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இத்தொழிலில் முதலில் கற்பிக்கப்படுவது அடிப்பதன்று, விழுவது. பயிற்சிக் கூடங்களில் ‘பம்ப்’ என்று அழைக்கப்படும் இவ்வீழ்ச்சியில், பின்னந்தலை தரையில் மோதாதவாறு தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியேற்றி, மேல்முதுகின் அகன்ற பரப்பும் விரித்த கைகளும் ஒரே கணத்தில் தரையைத் தொடும்படி விழ வேண்டும்; அவ்வாறு விழும்போது மோதலின் விசை ஓரிடத்தில் குவியாமல் பரவலாகப் பகிரப்படுகிறது. மேடையும் இதற்கு ஓரளவு துணை செய்கிறது. எஃகுச் சட்டத்தின் மீது மரப்பலகைகளும், பலகைகளின் மீது மெல்லிய நுரைத் தளமும், அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான் துணியும் கொண்ட அந்த அமைப்பு சற்றே அமிழ்ந்து எழுவதோடு, ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் பெரும் ஓசையையும் தருகிறது. விசையைப் பகிர்வதென்பது விசையை இல்லாமல் ஆக்குவதன்று. ஆண்டுதோறும் பல ஆட்டங்களில் விழுந்தெழும் கழுத்தும் முழங்காலும் அக்கணக்கைத் தமக்குள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன.

2001ஆம் ஆண்டில் டபிள்யூசிடபிள்யூ, ஈசிடபிள்யூ என்னும் இரு போட்டி நிறுவனங்களும் மறைந்துபோக, அன்று டபிள்யூடபிள்யூஎஃப் எனப்பட்டு இன்று டபிள்யூடபிள்யூஇ என அறியப்படும் ஒரே நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சி மல்யுத்தத்தை ஏறத்தாழ முழுமையாக ஆளத் தொடங்கியது. அதன் வாயிலுக்கு வெளியே நின்ற வீரர்களுக்கு எஞ்சியவை பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும், முன்னாள் படைவீரர் சங்க மண்டபங்களிலும், சில நூறு நாற்காலிகளுக்கு நடுவே மேடை கட்டி ஆட்டம் நடத்தும் சிறு நிறுவனங்கள். நிலையான ஒப்பந்தம் ஏதுமின்றி ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு இவற்றில் ஆடுவோரே சுயேச்சை வீரர்கள். ரசிகர் வழக்கில் ‘இண்டி’ வீரர்கள். நான்கைந்து பேர் ஒரே காரில் பல மணி நேரம் பயணம் செய்து, ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் ஒரு மேசையின் பின் நின்று தம் படம் பொறித்த பனியன்களைத் தாமே விற்று, அந்த வருமானத்தையும் சேர்த்தே வாழ்க்கையை ஓட்டுவது அவர்களுடைய வழக்கம்.

இவ்விரு உலகங்களுக்கும் இடையிலான தொலைவைப் பிரையன் டேனியல்சனின் வாழ்க்கையை விடத் தெளிவாக அளந்து காட்டும் சான்று வேறில்லை எனலாம். 1981இல் பிறந்து வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் நகரில் வளர்ந்த அவர், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஷான் மைக்கேல்ஸ் நடத்திய பள்ளியில் பயின்று, 1999இல் முதன்முதலாக மேடையேறினார். மறு ஆண்டே பெரிய நிறுவனத்தின் பயிற்சி ஒப்பந்தம் கிடைத்து மெம்ஃபிஸுக்கு அனுப்பப்பட்ட போதிலும், 2001இல் அவ்வொப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. அந்தக் குறுகிய காலத்தில் அவருக்கு வாய்த்த பெரும் பேறு, இங்கிலாந்தைச் சேர்ந்த மூத்த வீரர் வில்லியம் ரீகலின் பயிற்சி; மணிக்கட்டையும் மூட்டுகளையும் படிப்படியாக முறுக்கி எதிராளியைக் கட்டிப்போடும் ஐரோப்பியத் தரைப்பிடி மரபு அவரிடமிருந்தே டேனியல்சனின் கைகளுக்கு வந்து சேர்ந்தது.

2002 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ரிங் ஆஃப் ஆனர் என்ற சிறு நிறுவனம் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது, அதன் நிறைவு ஆட்டத்தில் மோதிய மூவருள் டேனியல்சனும் ஒருவர். தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லாத அந்நிறுவனம், ஆட்டங்களைப் பதிவு செய்து வீடியோ நாடாக்களாகவும் டிவிடிகளாகவும் அஞ்சலில் விற்றே நாடெங்கும் ரசிகர்களைத் தேடிக்கொண்டது. அந்த ரசிகர்கள் எதிர்பார்த்தது பகட்டான ஒப்பனையையோ நீண்ட வசனத்தையோ அன்று, ஆட்டத்தின் கைத்திறனை. 2005 செப்டம்பரில் அங்கே உலகச் சாம்பியன் பட்டம் வென்ற டேனியல்சன், 2006 டிசம்பர் வரை அதைத் தக்கவைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முழுவதும் நீளும் ஆட்டங்களைக்கூட அக்காலத்தில் ஆடினார். அவற்றுள் ஒன்றில் தோள் பெயர்ந்தும் ஆட்டத்தை இடையில் நிறுத்தவில்லை. 2007இல் ஜப்பானிய வீரர் தகேஷி மொரிஷிமாவுடன் மோதியபோது ஒரு கண்ணின் விழித்திரை விலகியது. சில நூறு பேருக்கு முன்னால், சிறு கூலிக்கு, இத்தனை விலை கொடுத்து ஆடப்பட்ட ஆட்டங்கள் அவை என்பதை நினைக்கும்போது வியப்போடு வேதனையும் எழாமல் இராது.

சிறு கூடத்தின் பார்வையாளர் மேடையை நாற்புறமும் நெருக்கமாகச் சூழ்ந்து அமர்ந்திருப்பதால், உதையின் ஓசையையும் வீரரின் மூச்சையும் நேரடியாகக் கேட்கிறார். வீரரும் அவரது முகத்தைப் பார்த்து, கூட்டத்தின் ஆரவாரத்துக்கேற்ப ஆட்டத்தின் போக்கை அவ்விடத்திலேயே மாற்றிக்கொள்கிறார். எதிராளியின் காதருகே மெல்லப் பேசி அடுத்த அசைவைச் சொல்லும் இம்முறை, கச்சேரி மேடையில் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் மிருதங்கக்காரரும் கடக்காரரும் ஒருவரையொருவர் கவனித்து மேலெடுத்துச் செல்வதற்கு ஒப்பானது. தொலைக்காட்சி அரங்கிலோ முதன்மைப் பார்வையாளர் கேமராவே. அரங்கின் ஒரு பக்கத்தில் நிலையாக நிறுத்தப்பட்ட அந்தக் கேமராவின் திசை எது என்பதை எந்தக் கணத்திலும் மறக்காமல், வலியால் முகம் சுளிப்பதையும் வெற்றியில் கை உயர்த்துவதையும் அதை நோக்கியே செய்ய வேண்டும். நடுவரின் காதில் பொருத்திய கருவி வழியாக மீதமுள்ள நேரம் திரைக்குப் பின்னாலிருந்து சொல்லப்பட, அவர் அதை வீரர்களுக்குக் கடத்துகிறார். விளம்பர இடைவேளைக்குச் சற்று முன் ஒரு பெரும் வீழ்ச்சியும், இடைவேளையின்போது நீண்ட பிடியும் வரும்படி ஆட்டம் வகுக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் சொல்லிப் பழகிய கதையை ஆறு நிமிடத்தில் சொல்லவும் நேர்கிறது.

மேடையின் அளவே மாறுகிறது என்பதை வெளியார் பெரும்பாலும் அறிவதில்லை. சுயேச்சை அரங்குகளில் 16 அல்லது 18 அடிப் பக்கமுள்ள மேடைகள் வழக்கமாக இருக்க, டபிள்யூடபிள்யூஇயின் மேடை 20 அடி கொண்டது. பல சிறு நிறுவனங்கள் ரப்பர் குழாயால் மூடிய எஃகுக் கம்பிவடத்தைச் சுற்றிலும் கட்ட, டபிள்யூடபிள்யூஇயில் நாடா சுற்றிய உண்மையான கயிறு கட்டப்படுகிறது. கயிற்றில் மோதித் திரும்பும் வேகமும், குறுக்கே ஓட எடுக்கும் எட்டுகளும் மாறிவிடுவதால், பத்தாண்டுகள் உடலில் ஊறிய காலக்கணக்கை வீரர் மீண்டும் பழக வேண்டியிருக்கிறது. பெயரும் கைவிட்டுப் போகலாம். நிறுவனம் தனக்கு உரிமையான பெயர்களையே விரும்புவதால், 2009இல் ஒப்பந்தமான பிரையன் டேனியல்சன், பெயர் முன்பின்னாக மாற்றப்பட்டு டேனியல் பிரையன் ஆனார்.

2010இல் என்எக்ஸ்டி என்ற நிகழ்ச்சியில், பத்தாண்டு அனுபவமுள்ள அந்த வீரர் கற்றுக்குட்டியாக அறிமுகப்படுத்தப்பட்டார். அவருக்கு வழிகாட்டி என நியமிக்கப்பட்ட மிஸ், அனுபவத்தில் அவருக்கு இளையவர். வர்ணனையாளர் அவரைக் கேலி செய்ய, வாரந்தோறும் தோற்பதே அவருக்கு எழுதப்பட்ட பாத்திரமாக இருந்தது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று, புதிய வீரர்கள் கூட்டமாக வந்து அரங்கைச் சூறையாடும் காட்சியில், அறிவிப்பாளரின் கழுத்தை அவரது டையாலேயே நெரிப்பதுபோல் பிரையன் நடித்தார். குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சி என்ற வரம்புக்கு அது மிகையானது என்று கருதிய நிறுவனம், சில நாட்களில் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. சிறு கூடத்தில் கைதட்டலோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு செயல், தொலைக்காட்சியில் வேலையைப் பறித்தது. சுயேச்சை மேடைகளுக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆடிய அவரை, அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் மீண்டும் அழைத்துக்கொண்டது.

இதன் பின் நிகழ்ந்தது இத்தொழிலின் வரலாற்றில் தனியே குறித்து வைக்கத்தக்கது. 2012 ஏப்ரல் 1 அன்று நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியாவில், சாம்பியனாக இருந்த பிரையன் 18 நொடிகளில் பட்டத்தை இழந்தார். பலர் கண்ணிமைப்பதற்குள் முடிந்த அந்தத் தோல்வி, அவரது மதிப்பைக் குறைப்பதற்கு மாறாக, அநீதி இழைக்கப்பட்டதாக உணர்ந்த ரசிகர்களின் மறுப்பைக் கிளப்பியது. இரு சுட்டுவிரல்களையும் வானோக்கி உயர்த்தி ‘யெஸ்’ என்று அவர் எழுப்பிவந்த முழக்கத்தை, மறுநாள் மயாமி அரங்கு முழுவதும் தனதாக்கிக்கொண்டது. 2014 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த, பல வீரர்கள் மோதும் ராயல் ரம்பிள் ஆட்டத்தில் அவர் சேர்க்கப்படாததால், நிறுவனம் வெல்லவைத்த வீரரைக் கூட்டம் வெளிப்படையாகவே எதிர்த்தது. முடிவுகளை முன்கூட்டியே எழுதும் ஒரு கலையில், எழுதப்பட்டதைப் பார்வையாளர் மாற்றிய நிகழ்வாகவே இதைக் கொள்ள வேண்டும். அவ்வெதிர்ப்பின் விளைவாக, ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் அரங்கில், ஒரே இரவில் முதலில் டிரிபிள் எச்சையும், பின்னர் ராண்டி ஆர்டன், பட்டிஸ்டா இருவரும் இடம்பெற்ற மும்முனை ஆட்டத்தையும் வென்று உலகப் பட்டத்தை அவர் ஏந்தினார். பெருந்தோள் கொண்ட ஆறடி மனிதர்களையே பெரும்பாலும் நாயகராகக் காட்டிவந்த நிறுவனத்தில், சராசரி உயரமும் கலைந்த தாடியும் கொண்ட ஒருவர் அந்த இடத்தைப் பெற்றதற்கு அடிப்படை, சிறு கூடங்களில் அவர் கற்ற கூட்டத்தோடு பேசும் திறமே. கேமராவின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்ட பிறகும் அவர் அதைத் தொலைத்துவிடவில்லை.

உடல் அதற்கான விலையைக் கேட்டது. அடுத்த மாதமே கழுத்தில் அறுவை சிகிச்சை செய்யப்பட, சில வாரங்களில் பட்டத்தைத் துறக்க நேர்ந்தது. மூளை அதிர்ச்சிகள் திரும்பத் திரும்ப ஏற்பட்டிருந்ததால் 2016 பிப்ரவரியில் ஓய்வையும் அறிவித்தார். அவ்வதிர்ச்சிகளில் எத்தனை பேரரங்கில் வந்தவை, எத்தனை முந்தைய மண்டபங்களில் வந்தவை என்று பிரித்துப் பார்க்க இயலாது. மருத்துவ அனுமதி பெற்று 2018இல் மீண்டும் களமிறங்கினார். பெரிய நிறுவனத்தில் மேடைக் காயங்களுக்கான சிகிச்சைச் செலவை நிறுவனமே ஏற்கிறது, ஆண்டுக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்ச ஊதியமும் உறுதியாகிறது. ஆயினும் அங்கேயும் வீரர்கள் சட்டப்படி ஊழியர்களாக அன்றி ஒப்பந்தக்காரர்களாகவே கருதப்படுகின்றனர் என்பது, உடலையே மூலதனமாக வைக்கும் மனிதர்களுக்கு நியாயமான ஏற்பாடாகத் தோன்றவில்லை.

டேனியல்சன் சென்ற வழியில் பின்னர் பலரும் சென்றனர். கெவின் ஸ்டீன் என்ற பெயரில் சுயேச்சை அரங்குகளை ஆண்ட கனடியர், கெவின் ஓவன்ஸ் என்ற பெயரோடு 2015இல் முதன்மை மேடைக்கு வந்தபோது, தன் முதல் பெரிய ஆட்டத்திலேயே நட்சத்திர வீரர் ஜான் சீனாவை வீழ்த்தும்படி கதை அமைக்கப்பட்டது. டேனியல்சனுக்குத் தரப்பட்ட கற்றுக்குட்டி வேடம் இவருக்கு வேண்டியிருக்கவில்லை. 2013இல் ஆர்லாண்டோவில் ஏழு மேடைகளோடு திறக்கப்பட்ட பயிற்சி மையம், கேமராவுக்கான கலையைத் தனிப்பாடமாகவே கற்பிக்கிறது. 2019இல் ஏஇடபிள்யூ என்ற இரண்டாவது பெரிய நிறுவனம் தோன்றியதும், சுயேச்சை வீரர்களுக்கு ஏறிச்செல்ல இன்னொரு வாயில் திறந்தது. 2021இல் தன் சொந்தப் பெயரோடு அங்கே சென்ற டேனியல்சன், 2024 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் அதன் உலகப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு நவம்பரில் டபிள்யூடபிள்யூஇ, முன்னாள் வீரர்களும் இன்றைய வீரர்களும் நடத்தும் சில சுயேச்சைப் பயிற்சிப் பள்ளிகளைத் தன் ஆதரவில் இணைத்துக்கொள்ளும் திட்டத்தை அறிவித்தது.