ஆலய அலுவலகத்தில் ஒரே பதிவேடு



சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து நான்காம் வெள்ளிக்கிழமை காலையில், இரண்டு குடும்பத்தார் பூக்கூடையும் பால்குடமுமாக நம் சந்நிதியில் வந்து நின்றனர். இருவர் கையிலும் அன்றைய காலை உபயத்திற்கான ரசீது இருந்தது. இரண்டும் நம் அலுவலகம் கொடுத்தவைதாம். ஒரு குடும்பத்து அம்மையார், மறைந்த தம் கணவரின் பெயரில் ஆண்டுதோறும் அந்த உபயத்தைச் செய்து வருபவர். குருக்கள் இரு குடும்பத்துக்கும் சங்கல்பம் செய்து வைத்து நிலைமையைச் சமாளித்தார். எனினும் அந்த அம்மையார் என்னைப் பார்த்து, "வாத்தியாரையா, எங்க பேரு புத்தகத்துல இல்லையா?" என்று கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

பெயர் இருந்தது. ஆனால் செயலாளர் அறைக் கணினியில் இருந்தது; சீட்டு முகப்புக் கணினியில் இல்லை. அக்காலத்தில் உபயப் பதிவேட்டை ஒரு பென்டிரைவில் போட்டு, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கொண்டுபோய் நகல் எடுப்பது வழக்கம். ஒரு நாள் மறந்தால் இரண்டு பதிவேடுகள். ஒரு வாரம் மறந்தால் எது சரியானது என்று சொல்ல ஆளில்லை.

அதன் பின்னர் நிர்வாகக் குழு செய்த ஏற்பாட்டைப் பற்றி உபயதாரர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். வேறு சங்கங்களிலும் ஆலயங்களிலும் பொறுப்பிலிருக்கும் அன்பர்களும் கேட்கிறார்கள். ஆகவே, கணினியைப் பற்றி அதிகம் அறியாதவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1992இல் வெளிவந்த 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' காலத்திலேயே, ஒரு கணினியிலுள்ள கோப்புறையை அடுத்த கணினி திறந்து பார்க்கும் வசதி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடுகளை எல்லாம் அலுவலக அலமாரியில் வைத்திருப்போம். ஆசிரியர்கள் அங்கே சென்று எழுதிவிட்டு வருவார்கள். யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. அதே முறைதான் இதுவும்.

நம் அலுவலகத்தில் மூன்று கணினிகள்: சீட்டு முகப்பில் ஒன்று, கணக்கர் அறையில் ஒன்று, செயலாளர் அறையில் ஒன்று. மூன்றையும் ஏற்கெனவே இருந்த ரூட்டரோடு கம்பி மூலம் இணைத்தோம். முகப்பு மண்டபத்தின் மறுபக்கத்தில் இருப்பதால் கம்பி எட்டுமா என்று ஐயப்பட்டோம். இத்தகைய கம்பி 100 மீட்டர் வரை தடையின்றி வேலை செய்யும். நமக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. புதிதாக வாங்கியது அந்தக் கம்பி ஒன்றுதான் என்பதை நன்கொடையாளர்களுக்குத் தெரிவித்துக் கொள்கிறேன்.

பதிவேடு இருக்கும் இடமாகக் கணக்கர் அறைக் கணினியைத் தேர்ந்தோம். அது காலை முதல் இரவு நடை சாத்தும் வரை இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். தானாகத் தூங்கிப்போகும் அமைப்பை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முகப்பிலிருப்பவருக்குப் பதிவேடு திடீரென்று காணாமற்போகும். அக்கணினியின் வலையமைப்பு வகையைப் 'பொது' என்பதிலிருந்து 'தனியார்' என்று மாற்றியதும், மற்ற கணினிகளின் கண்ணுக்கு அது தென்படும்.

அடுத்து, பதிவேடு உள்ள கோப்புறையின் மீது வலப்பக்கச் சொடுக்குப் போட்டு, 'பண்புகள்' பகுதியில் 'பகிர்வு' என்பதைத் திறந்து, யார் யார் அதைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட வேண்டும். இவ்விடத்தில் அவசரம் கூடாது. 'எல்லோரும், எல்லா உரிமையும்' என்று ஒரே சொடுக்கில் கொடுத்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தோம். முகப்பிலிருப்பவர் உபயப் பதிவேட்டில் எழுதலாம். கணக்குப் புத்தகத்தை அவரால் திறக்க முடியாது. குழு உறுப்பினராகிய நான் இரண்டையும் படிக்கலாம், எதிலும் எழுத முடியாது. எனக்கு அதில் வருத்தமில்லை.

பூட்டு இரண்டு உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். பள்ளியின் வெளிவாசற் கதவைப் போலப் பகிர்வுக்கான அனுமதி ஒன்று. வகுப்பறைக் கதவைப் போலக் கோப்புறைக்கே உரிய அனுமதி ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். 'அனுமதி கொடுத்தேனே, ஏன் எழுத முடியவில்லை?' என்று குழம்புவோர் இரண்டாவது பூட்டைப் பார்க்க மறந்திருப்பார்கள்.

எங்களுக்கு அரை நாள் வீணானது வேறொரு காரணத்தால். கணினியைத் திறக்க நாம் தட்டும் நான்கிலக்க எண்ணையே வலையமைப்பு வழியாகவும் கொடுத்துக் கொண்டிருந்தோம். அந்த எண் அந்தக் கணினியின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும் உரியது. வேறொரு கணினியிலிருந்து நுழைய உண்மையான கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கை விண்டோஸ் வலையமைப்பு வழியாக உள்ளே விடுவதில்லை.

இவை முடிந்தபின் மற்றக் கணினிகளில், கோப்புகளைப் பார்க்கும் சாளரத்தின் மேற்பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் கணக்கர் கணினியின் பெயரும் தட்டினால் கோப்புறை தெரியும். அதற்கு 'இசட்' என்று ஓர் எழுத்தைக் கொடுத்து நிரந்தரமாக இணைத்துவிட்டால், தினமும் தட்ட வேண்டியதில்லை.

இத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணினோம். இரண்டே வாரத்தில் மறுபடியும் இரண்டு பதிவேடுகள்! நடந்தது இதுதான். எக்ஸல் பதிவேட்டை ஒருவர் திறந்து வைத்திருக்கையில் இன்னொருவர் திறந்தால், 'படிக்க மட்டும்' என்று அறிவிப்பு வரும். முகப்பிலிருந்த தங்கைக்கு முன்னால் வரிசை நின்றது. அவர் என்ன செய்வார், பாவம்? வேறு பெயரில் தம் கணினியிலேயே சேமித்து, அதில் எழுதிவிட்டார். அவர்மேல் குறையில்லை, நாங்கள் சொல்லித் தரவில்லை. இப்போது பதிவேட்டை மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்திருக்கிறோம். எழுதியவுடன் மூடிவிட வேண்டும்; எக்காரணம் கொண்டும் வேறு பெயரில் சேமிக்கக் கூடாது. 'படிக்க மட்டும்' என்று வந்தால், பக்கத்திலுள்ள தாளில் குறித்துக்கொண்டு, ரசீது கொடுக்குமுன் அறைக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

பகிர்வு வேறு, பாதுகாப்பு நகல் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறொரு கணினியிலிருந்து பகிர்வுக் கோப்புறையிலுள்ள கோப்பை அழித்தால், அது பொதுவாகக் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'வானாக்ரை' என்ற நச்சுநிரல், இந்தக் கோப்புப் பகிர்வு வழியின் பழைய வடிவிலிருந்த ஓட்டையின் மூலமே கணினிக்குக் கணினி தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே பெரிதும் மாட்டிக்கொண்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினி வைத்திருக்கும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் நகலெடுக்க இரண்டு வெளிவட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஒன்று ஆலய இரும்புப் பெட்டியில் இருக்கும். மற்றொன்று கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு வெளியே பொருளாளரிடம் இருக்கும். நகலெடுத்ததும் வட்டைக் கழற்றிவிடுகிறோம்.

இன்னொன்று. திருமண மண்டபத்துக்கு வருவோருக்குக் கொடுக்கும் வைஃபையும் அலுவலக வைஃபையும் முன்பு ஒன்றாகவே இருந்தன. கடவுச்சொல்லைச் சுவரிலேயே ஒட்டியிருந்தோம்! இப்போது விருந்தினர் இணைப்பைத் தனியாகப் பிரித்துவிட்டோம். உபயதாரர்களின் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, நட்சத்திரம் எல்லாம் அப்பதிவேட்டில் இருக்கின்றன. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளைக் குறித்ததுதான். ஆனால் நீங்கள் அவற்றை எங்களிடம் சொன்னது வணிகத்துக்காக அன்றே.

அந்த அம்மையார் இவ்வாண்டும் நான்காம் வெள்ளிக்கே பதிவு செய்திருக்கிறார். திரையை அவர் பக்கம் திருப்பி, கணவரின் பெயரைக் காட்டினோம். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது; அவரே சொல்லித் திருத்தச் செய்தார். முகப்புக்கு வரும்போது நீங்களும் உங்கள் குடும்பப் பெயர்களையும் நட்சத்திரங்களையும் இவ்வாறு கேட்டுச் சரிபார்த்துக் கொள்ளலாம்.