பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் நேரம் எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இப்போது ஒரே தாள். 100 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம். அதாவது, ஒரு மதிப்பெண்ணுக்கு முழுதாக இரண்டு நிமிடம்கூட இல்லை.

நேரம் போதவில்லை என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்குக் கை வேகமாகத்தான் ஓடும். நன்றாகத் தெரிந்த பாராகிராப் வந்துவிட்டால் மகிழ்ச்சியில் இரண்டரைப் பக்கம் எழுதிவிடுவார்கள். எவ்வளவு எழுதினாலும் அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்தான், ஆறு கிடைக்காது. அங்கே போன பத்து நிமிடம் கடைசி எட்டு மதிப்பெண் வினாவில் இடிக்கும்.

வினாத்தாளில் பாதி மதிப்பெண், அதாவது 50, ஐந்து மதிப்பெண் பகுதியில்தான் இருக்கிறது. பத்து வினா எழுத வேண்டும்; ஒன்றுக்கு ஒன்பது நிமிடம் என்று வைத்தால் ஒன்றரை மணி நேரம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14க்கும் பன்னிரண்டு நிமிடம், இரண்டு மதிப்பெண் பத்துக்கும் அரை மணி, எட்டு மதிப்பெண் இரண்டுக்கும் அரை மணி. இப்படி எழுதினால் பதினெட்டு நிமிடம் மிஞ்சும்.

ஐந்து மதிப்பெண் வினாக்கள் எல்லாம் ஒரே மாதிரி நேரம் கேட்பவை அல்ல. மாறிக் கிடக்கும் வாக்கியங்களைக் கதைப்படி வரிசைப்படுத்துவது, பிழை திருத்துவது, கவிதை வரிகளைக் கொடுத்து ரைம் ஸ்கீம் கேட்பது ஆகியவற்றில் எழுத்து வேலை குறைவு. பாராகிராப் அளவுக்கே மதிப்பெண், ஆனால் பாதி நேரம் போதும். கதை தெரிந்த பிள்ளை வரிசைப்படுத்தும் வினாவை விட்டுவிட்டு வேறொன்றை நீட்டி எழுதுவது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

எதை எழுதுவது, எதை விடுவது என்பதை முடிவு செய்யத்தான் வினாத்தாளைப் படிக்கத் தரும் அந்தப் பத்து நிமிடம். எல்லாவற்றையும் வரி வரியாகப் படிக்க வேண்டாம். சாய்ஸ் உள்ள இடங்களுக்கு நேரே போய் முடிவெடுங்கள். வழி சொல்லும் வரைபட வினாவுக்கும் மனப்பாடப் பாட்டுக்கும் சாய்ஸ் கிடையாது. பாட்டு வினாத்தாளில் 45ஆவதாக வந்தாலும், மறந்துவிடும் என்ற பயம் இருந்தால் முன்னதாகவே எழுதிவிடுங்கள். வினா எண்ணை மட்டும் சரியாகப் போடுங்கள்.

ஒரு விடை பாதியில் நின்றுவிட்டால் மோட்டுவளையைப் பார்த்து யோசிக்க வேண்டாம். நான்கைந்து வரி இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

மிஞ்சிய பதினெட்டு நிமிடத்தில் முதலில் வினா எண்களைச் சரிபாருங்கள். பிறகு ஒரு மதிப்பெண் பகுதிக்குத் திரும்புங்கள். தவறான விடைக்கு அங்கே மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் ஒன்றையும் வெற்றாக விட வேண்டியதில்லை. விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.